பூசணிப்பூவும் புறவாசல் சுவரும்

கூட்டமைப்பு மலருக்கு ஆளுக்கொரு கட்டுரை தரணும் என்று கூட்டத்தில் முடிவானபோது, சேமிப்பு, வங்கிக் கடன், தையல், ஆடு வளர்ப்பு எல்லாவற்றையும் மற்ற அக்காமார் எடுத்துக்கொண்டார்கள். மிச்சம் இருந்தது "வரலாறு" ஒன்றுதான். பத்தாம் வகுப்பில் சமூக அறிவியலில் நான் எடுத்த மார்க்கு எனக்கும் எங்க அம்மாவுக்கும்தான் தெரியும். நான் தயங்குவதைப் பார்த்து எங்க ஊக்குநர் அக்கா, "ராஜா கதை எழுத வேண்டாம். உன் வீட்டு வாசல்ல நடந்ததை எழுது, அதுவும் வரலாறுதான்" என்றார்கள். அதனால் வாசலில் வைக்கிற பூவையும், அந்தப் பூவுக்கு வருகிற பூச்சியையும் பற்றி எழுதுகிறேன். இதில் நான் செய்த தப்பு ஒன்றும் இருக்கிறது. அதை நடுவில் சொல்கிறேன்.

நம்ம ஊர் பிறந்த கதையே ஒரு தோட்டத்தில்தான் ஆரம்பிக்கிறது. சங்கரன்கோவில் இருக்கிற இடம் முன்பு புன்னைவனமாக இருந்தது என்று கோயில் வரலாறு சொல்கிறது. அந்த வனத்துக் காவல்காரர் தோட்டத்தைச் சீராக்கும்போது ஒரு புற்றை வெட்டினார். உள்ளே இருந்த பாம்பின் வாலில் வெட்டு விழுந்தது. பக்கத்தில் லிங்கம் தெரிந்தது. பயந்துபோய் உக்கிரபாண்டிய ராஜாவிடம் ஓடிச் சொன்னார், ராஜா கோயில் கட்டினார். இன்றைக்கும் சங்கரநாராயணர் கோயிலில் புற்றுமண்தான் பெரிய பிரசாதம். ஆடித்தபசுக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் எல்லாரும் ஒரு பொட்டலம் வாங்கிப் போவார்கள். இந்தக் கதையைச் சின்ன வயதில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். தோட்டத்தைச் சுத்தம் பண்ணப் போன ஒரு ஆளின் கதை இது என்று அப்போது எனக்குத் தோணவில்லை.

கோயிலில் இன்னொரு வழக்கமும் உண்டு. வீட்டில் பாம்பு, தேள், பூரான் தொல்லை இருந்தால் அதன் உருவம் பதித்த தகட்டை வாங்கி உண்டியலில் போடுவோம். "உன்னை நான் ஒண்ணும் செய்யல, நீ என்னை ஒண்ணும் செய்யாதே" என்கிற மாதிரி ஒரு ஒப்பந்தம் அது. கொல்லுகிறதுக்கு வேண்டுதல் இல்லை, ஒதுங்கிப் போகிறதுக்குத்தான் வேண்டுதல். எங்க அத்தை (வீட்டுக்காரரோட அம்மா) இதை அடிக்கடி சொல்வாங்க.

புற்று என்றால் பாம்பு நினைவுதான் நமக்கு வரும். ஆனால் அதைக் கட்டுவது கரையான். கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்தது என்று பழமொழியே இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம் புற்றிலிருந்து ஈசல் கிளம்பும். அதைப் பிடித்து, இறகு போகப் புடைத்து, வறுத்த அரிசியோடு சேர்த்துத் தின்ற தலைமுறை இன்னும் நம்ம ஊர்களில் உயிரோடு இருக்கிறது. இப்போதைய பிள்ளைகளிடம் சொன்னால் முகத்தைச் சுளிக்கிறார்கள், அதே பிள்ளைகள் கடையில் வாங்கித் தின்பதைப் பார்த்து நான் சுளிக்கிறேன்.

இனி பூவுக்கு வருகிறேன். பூவைப் பறித்து வீட்டுக்குள் கொண்டுவருவது நமக்குப் புதுசு இல்லை. சங்கப் பாட்டான குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களின் பெயரை வரிசையாகச் சொல்லியிருக்கிறார். தினைப்புனம் காத்த பெண்கள் பறித்துக் குவித்த பூக்கள் அவை. அந்தப் பாட்டு இருக்கிற பத்துப்பாட்டை உ.வே.சாமிநாதையர் 1889இல் அச்சில் கொண்டுவந்தார். 99 பெயரில் எனக்கு அடையாளம் தெரிந்தது இருபதுகூட இல்லை. நமக்கு வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் நந்தவனம் வைத்துத்தான் பெருமாளுக்கு மாலை கட்டினார். ஆண்டாள் சூடிக் கொடுத்தது அந்த நந்தவனத்துப் பூவைத்தான். பெரியபுராணத்தில் கருவூர் சிவகாமியாண்டார் விடியற்காலையில் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூப்பறிக்கப் போவார், மூச்சுக்காற்று படக்கூடாதாம். சாமிக்கு வைக்கிற பூ வண்டு தொடாததாக இருக்கணும் என்றும் பெரியவர்கள் சொல்வார்கள். வண்டு எழுந்திருக்கும் முன்னே போய்ப் பறிக்கணும்.

இதைக் கேட்டால் பூவுக்காக வண்டும் மனுஷனும் போட்டி போட்ட மாதிரி இருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள். சாமிக்கு முதல் கூடை போக, மிச்சப் பூ எல்லாம் பகல் முழுக்கச் செடியில் இருந்தது. நந்தவனத்துக்கு வேலி இருந்தது, கிணறு இருந்தது, மரம் இருந்தது, உதிர்ந்த சருகு இருந்தது. வண்டுக்கும் அது வீடு. இன்றைக்கு மல்லிகைக்கு அந்தக் கதி இல்லை. மல்லிகையை மொட்டாகவே விடியுமுன் பறித்து விடுகிறோம். நம்ம சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டுக்கு வந்து, கேரளா வரைக்கும் போய், யார் தலையிலோ சாயங்காலம் விரிகிறது. செடியில் விரிகிற பூ கைக்குத் தப்பினது மட்டும்தான். மொட்டுப்புழு வந்துவிட்டால் மருந்து அடித்தே ஆகணும், ஏனென்றால் வாங்கின கடன் இருக்கிறது. பூ விவசாயம் பண்ணுகிற நம்ம குழு அக்காமாரை நான் குறை சொல்லவில்லை. மார்கழி, தையில் பனிக்கு மல்லிகை வரத்து குறைந்து கிலோ ஆயிரக்கணக்கில் விலை போகும்போதுதான் அவர்கள் வீட்டில் நகை திரும்புகிறது. ஓசூர்ப் பக்கம் ரோஜாவுக்குப் பசுமைக்குடில் போட்டிருக்கிறார்கள், பிப்ரவரி 14க்கு வெளிநாட்டுக்கு விமானத்தில் போகிறது. மூடின கூரைக்குள் வளருகிற அந்தப் பூ வெளித் தேனீயைப் பார்த்தே இருக்காது.

நம்ம வாசல் பூ அப்படி இல்லை. அதுதான் பூசணி.

மார்கழி பிறந்தால் விடியுமுன் எழுந்து, வாசல் தெளித்து, அரிசிமாக் கோலம் போட்டு, நடுவில் சாணி உருண்டை பிடித்து வைத்து அதில் பூசணிப்பூவைச் சொருகுவது நமக்கெல்லாம் தெரியும். பூசணி இல்லாத வீட்டில் பீர்க்கம்பூ, செம்பருத்தி. கோலத்து மாவை எறும்பு தின்னும், அதற்காகத்தான் அரிசிமாவில் போடணும் என்று எங்க ஆச்சி சொல்லும். வெயில் ஏறினதும் அந்தச் சாணியைப் பூவோடு சேர்த்துத் தட்டிச் சுவரில் காயவைப்போம். மாசம் முழுக்கச் சேர்ந்த வறட்டியைத் தை மாதம் சிறுவீட்டுப் பொங்கலுக்கு எடுப்போம். பொம்பளைப் பிள்ளைகளுக்கு வாசலில் மண்ணால் சின்ன வீடு கட்டி, அதில் பொங்கல் வைத்து, பூ காய்ந்த வறட்டியில் சூடம் ஏற்றி ஆற்றிலோ குளத்திலோ விட்டுக் கும்மியடிப்பார்கள். நான் எட்டாவது படிக்கும்போது கடைசியாகச் சிறுவீடு கட்டினேன். என் வறட்டி மிதக்காமல் கரையிலேயே முங்கிப் போனதுக்கு ஒரு வாரம் அழுதேன்.

இந்தப் பூசணியில் ஒரு வரலாற்றுச் சங்கதி இருக்கிறது. நாம் பூசணிக்காய் என்கிற மஞ்சள் காயை வடக்கே பரங்கிக்காய் என்பார்கள். நம்ம பக்கம் வெள்ளைப் பூசணிக்குப் பேர் தடியங்காய். பரங்கியர் என்றால் கடல் தாண்டி வந்த வெள்ளைக்காரர். கொலம்பஸ் அமெரிக்கா போனது 1492, வாஸ்கோடகாமா கள்ளிக்கோட்டையில் இறங்கினது 1498. அதற்கப்புறம்தான் மிளகாய், தக்காளி மாதிரி மஞ்சள் பூசணியும் இந்தப் பக்கம் வந்தது. மாலையில் கட்டுகிற கேந்தியும், சம்பங்கியும்கூட மெக்சிகோ நாட்டுப் பூக்கள்தான். அப்படியென்றால் அதுக்கு முன்னாடி நம்ம பாட்டிமார் கோலத்தில் எந்தப் பூவை வைத்தார்கள்? தடியங்காய்ப் பூவும் மஞ்சள்தான், பீர்க்கம்பூவும் மஞ்சள்தான். அதில் ஒன்றாக இருந்திருக்கும் என்பது என் யோசனை. வந்த பூவை நம்மதாக ஆக்கிக்கொள்வதில் நம்ம பெண்கள் கெட்டிக்காரிகள்.

வெளியிலிருந்து வந்த பூவை நம்ம ஊர்ப் பூச்சியும் ஏற்றுக்கொண்டதுதான் எனக்கு அதைவிட அதிசயம். பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஆண் பூ நீளக் காம்பில் நிற்கும். பெண் பூவுக்குக் கீழே குட்டிப் பிஞ்சு இருக்கும். முதலில் ஆண் பூவாகத்தான் வரும். விடியுமுன் விரியும், உச்சிக்கு முன்னாடியே சுருங்கிவிடும். அதன் மகரந்தம் ஈரமாக, கனமாக இருக்கும். காற்றில் பறக்காது. தேனீயோ வண்டோ சுமந்துபோய்ப் பெண் பூவில் சேர்த்தால்தான் பிஞ்சு தங்கும், இல்லாவிட்டால் மஞ்சளாகிப் பழுத்து விழுந்துவிடும். பிஞ்சு இல்லாத பூவைப் பார்த்துப் பறி என்று அம்மா சொல்லும்போது, காய் நமக்கு வேணும் என்பதற்காகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அது சரிதான். ஆனால் ஆண் பூவையும் ஒன்றிரண்டு விட்டுவிட்டுத்தான் பறிக்கச் சொல்வாள். எதுக்கு என்று நான் கேட்டதே இல்லை.

2009இல் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தேன். முன்பக்கம் ஓட்டு வீடு. பின்னால் புறவாசலில் மாட்டுத்தொழு, வைக்கோல் படப்பு, ஒரு பழைய மண்சுவர். படப்புக்குப் பக்கத்தில் பருத்திமார், முருங்கைக் கம்பு, காய்ந்த கொடி எல்லாம் குவிந்து கிடக்கும். மண்சுவரில் என் இடுப்பு உயரத்தில் ஒரு ஓட்டை. அதன் வாயில் மெழுகுக் குழாய் மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். கறுப்பாக, கொசு அளவு ஈக்கள் போய் வந்துகொண்டே இருக்கும். கொசுத்தேனீ. கொட்டாது. அத்தை கல்யாணமாகி வந்தபோதே அது அங்கே இருந்ததாம். தேன் எடுக்கணும் என்றால் சுவரை உடைக்கணும், அதனால் யாரும் எடுத்ததில்லை.

எனக்கு அந்தப் புறவாசலைக் கண்டாலே ஆகாது. எங்க அம்மா வீடு காரை வீடு. இங்கே எந்த மூலையைப் பார்த்தாலும் குளவிக்கூடு. குளவி கூடு கட்டினா வீட்ல பிள்ளை உண்டாகும், கலைக்கக் கூடாது என்பார்கள் அத்தை. விறகுக்குள் கருவண்டு துளை போட்டு வைத்திருக்கும், மாவு மாதிரி கொட்டும். 2017 ஆனி மாதம் குழுவில் எனக்குக் கடன் கிடைத்தது. கறவை மாட்டுக்கு என்று வாங்கினேன். மாடு வாங்கின மிச்சத்தில் தொழுவுக்குத் தளம் போட்டு, கொத்தனாரிடம் அந்த மண்சுவரையும் சிமெண்ட் பூசச் சொன்னேன். குவிந்து கிடந்த மாரையும் கொடியையும் ஒரே நாளில் கொளுத்தினேன். அத்தை அன்றைக்கு மகள் வீட்டுக்குப் போயிருந்தாங்க. இதை மறைக்காமல் எழுதணும்: அவங்க இல்லாத நாளாகப் பார்த்துத்தான் செய்தேன்.

சாயங்காலம் மேய்ச்சலுக்குப் போன கொசுத்தேனீக்கள் திரும்பின. ஈரச் சுவரில் ஓட்டை இருந்த இடத்தையே சுற்றின. மறுநாளும் சுற்றின. மூன்றாம் நாள் காணவில்லை. உள்ளே இருந்தது என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அத்தை வந்து பார்த்தாங்க. சுவரைக் கையால் தடவினாங்க. "ஏளா, அத்தனை நாளா இருந்த உசுரை ஒரு சட்டி சிமெண்ட்ல மூடிட்டியே" என்றார்கள். அதுக்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

புரட்டாசியில் போட்ட பூசணி அந்த வருஷம் கொடி நன்றாக ஓடியது. மார்கழி வாசலுக்குப் பூவுக்குப் பஞ்சமே இல்லை. பக்கத்து வீட்டு மதினிக்கும் தினம் நாலு கொடுத்தேன். பிஞ்சும் வந்தது. வந்த பிஞ்செல்லாம் சுண்டைக்காய் அளவில் மஞ்சளாகி விழுந்தது. எண்ணிப் பார்த்தேன், பதினேழு. பொங்கலுக்குக் கடையில் பூசணிக்கீற்று வாங்கினது எங்க வீட்டில் அதுதான் முதல் தடவை. கொசுத்தேனீ போனதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அந்தக் கார்த்திகையில் ஒக்கி புயல் வந்தது, நம்ம பக்கமும் மழை பிடித்தது, மழை நாளில் தேனீ வெளியே வராது. ஆனால் மழை விட்ட பிறகும் பூவுக்குள் எட்டிப் பார்க்கிற ஒரு உயிரை நான் பார்க்கவில்லை. பூ விரிந்து, யாரும் வராமல், சுருங்கியது.

அதற்கப்புறம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆரம்பித்தேன். பனி உறைகிற வெளிநாடுகளில் குளிர்காலம் முழுக்கப் பூச்சிகள் காய்ந்த தண்டுக்குள்ளும் சருகுக்கு அடியிலும் அடங்கிக் கிடக்குமாம். அங்கே தோட்டம் வைத்திருக்கிறவர்கள் வசந்தம் வருகிற வரை காய்ந்த செடியை வெட்டாமல் விடுகிறார்களாம், மூங்கில் துண்டைக் கட்டுக்கட்டாக அடுக்கி வீடு செய்து வைக்கிறார்களாம். நமக்கு அப்படிக் குளிர் இல்லை. நம்ம பூச்சிக்கு மழையிலும் பனியிலும் ஒதுங்க இடம் வேணும், அப்புறம் கோடையில் வெயிலுக்கு ஒதுங்க இடம் வேணும். சில வண்ணத்துப்பூச்சிகள் ஐப்பசி வாக்கில் கூட்டம் கூட்டமாகக் கிழக்கே சமவெளியிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்துப் போகும், கோடையில் திரும்பும். பறக்கத் தெரிந்தவை மலைக்குப் போகின்றன. மற்றதுக்கு நம்ம படப்பும், மண்சுவரும், வேலியும்தான். (வண்ணத்துப்பூச்சி என்றதும் ஒன்று. தமிழ் மறவன் என்கிற வண்ணத்துப்பூச்சியை 2019இல் நம்ம மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தார்கள். அதே 2019 நவம்பரில்தான் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து நாம் தென்காசி மாவட்டம் ஆனோம்.)

ஒவ்வொரு பூச்சிக்கும் ஒவ்வொரு சோலி உண்டு. குளவி மண்கூட்டுக்குள் தன் குஞ்சுக்கு இரையாகப் புழுக்களைப் பிடித்து அடைக்கிறது. அத்தனையும் செடியைத் தின்கிற புழு. விறகைத் துளைக்கிற கருவண்டுதான் முருங்கைப் பூவுக்கு முக்கியமான ஆள். நான் விறகோடு சேர்த்துக் கொளுத்தினது அதன் வீட்டை.

என் ஒரு சட்டி சிமெண்டுக்கு முன்னாலேயே பெரிய கதைகள் நடந்திருக்கின்றன. தேனீயை வளர்ப்பதில் நம்ம தென்பக்கம்தான் முன்னோடி. திருச்சியில் நியூட்டன் பாதிரியார் 1910ஐ ஒட்டின வருஷங்களில் நம்ம நாட்டு அடுக்குத்தேனீக்கு ஏற்ற சின்னப் பெட்டியைச் செய்து, கிராமத்து ஆட்களுக்குப் பழக்கினார். அந்தப் பெட்டிக்கு இன்றைக்கும் நியூட்டன் பெட்டி என்றுதான் பெயர். 1920களில் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் என்கிற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. மூலமாகத் தேனீ வளர்ப்பை வீட்டுத்தொழிலாகக் கற்றுக்கொடுத்தார். மார்த்தாண்டம் தேன் என்று பேர் வந்தது அப்படித்தான். பிறகு 1991-92இல் ஒரு நச்சுக்கிருமி நோய் வந்து தென்னிந்தியா முழுக்க அடுக்குத்தேனீப் புழுக்களைக் கூட்டோடு அழித்தது. பெட்டி வைத்திருந்தவர்கள் வெறும் பெட்டியோடு நின்றார்கள்.

நமக்குக் கிழக்கே கரிசல் காடு, பருத்திக் காடு. பருத்திக்குக் காய்ப்புழு வர வர மருந்து கூடிக்கொண்டே போனது. எங்க அப்பா முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு அடித்துவிட்டு வந்து, குளிக்குமுன் எங்களைத் தொட விடமாட்டார். பிள்ளையைத் தொடக்கூடாது என்று தெரிந்த மருந்து பூவைத் தொட்டது. எண்டோசல்பான் மருந்தை 2011இல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. அமெரிக்காவில் ரேச்சல் கார்சன் என்கிற அம்மா 1962இலேயே பூச்சி மருந்தைப் பற்றிப் புத்தகம் எழுதி எச்சரித்திருந்தார். நம்ம பக்கத்துக் கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் 1960களில் வேலை பார்த்த நம்மாழ்வார், இந்த உரமும் மருந்தும் மானாவாரி விவசாயிக்கு ஆகாது என்று கண்டு வேலையை விட்டு வெளியே வந்தார். 2013 டிசம்பர் 30இல் சாகிற வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். கோவில்பட்டி இங்கிருந்து ஒரு பஸ் தூரம்தான்.

இதையெல்லாம் ஒரு நாள் குழுக் கூட்டத்தில் சொன்னேன். தமிழ்நாட்டில் நம்ம மாதிரிக் குழுக்கள் 1989இல் தர்மபுரியில் ஆரம்பித்து, 1997இல் மகளிர் திட்டமாக மாநிலம் முழுக்க வந்தன. அன்றிலிருந்து எத்தனையோ தீர்மானம் போட்டிருப்போம், பூச்சிக்கு இடம் விடுகிற தீர்மானம் எங்கள் குழுவில் அதுதான் முதல். சுலபமாக நிறைவேறவில்லை. வயதில் மூத்த ஒரு அக்கா எழுந்து, "உனக்கென்ன, நீ சொல்லிட்டுப் போயிருவ. குப்பையைச் சேர்த்து வச்சு அதுல தேள் வந்து என் பேரப்பிள்ளையைக் கொட்டுனா யாரு ஆஸ்பத்திரிக்குத் தூக்குறது?" என்று கேட்டாங்க. அவங்க கேட்டது நியாயம். போன வருஷம்தான் அவங்க தெருவில் ஒரு பிள்ளைக்குக் கொட்டியிருந்தது. பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அன்றைக்குக் கூட்டம் அப்படியே கலைந்தது.

அடுத்த கூட்டத்தில் அந்த அக்காவே வழி சொன்னாங்க. வீட்டை ஒட்டிக் குவிக்க வேண்டாம். வேலி ஓரம், பிள்ளைகள் விளையாடாத மூலையில் மட்டும் காய்ந்த தண்டையும் சருகையும் போடலாம். கையை விடாமல் கம்பால் கிளறணும். கார்த்திகையிலிருந்து தை முடிகிற வரை அந்த மூலையைத் தொடக்கூடாது, போகிச் சாக்கில் கொளுத்தவும் கூடாது. டயர் கொளுத்துகிறது மெட்ராஸ் பழக்கம், நமக்கு வீட்டை மெழுகி வெள்ளையடித்தால் போதும் என்றும் சேர்த்துக்கொண்டாங்க. பதினான்கு பேரில் ஒன்பது பேர் ஒத்துக்கொண்டோம். மற்றவங்களை வற்புறுத்தவில்லை.

நான் இன்னும் கொஞ்சம் செய்தேன். மூங்கில் கம்பை ஒரு சாண் நீளத்துக்கு அறுத்து, ஒரு பக்கம் கணு அடைத்திருக்கிற மாதிரி பார்த்து, கட்டாகக் கட்டி மழை படாத தாழ்வாரத்தில் தொங்கவிட்டேன். தொழுவின் பின்பக்கம் இரண்டடிக்குச் சிமெண்டைக் கொத்தி எடுத்து மண்ணும் வைக்கோலும் பிசைந்து பூசினேன். வீட்டுக்காரர் சிரித்தார். காசு கொடுத்துப் பூசினதைக் கூலி கொடுத்து இடிக்கிறாயே என்றார். கூலி எதுவும் கொடுக்கவில்லை, நானே கொத்தினேன். உள்ளங்கை கொப்பளித்தது. அத்தை அருகில் வந்து, மண்ணில் வைக்கோல் போதாது என்று இன்னொரு கை அள்ளிப் போட்டாங்க.

பூச்சி இல்லாமல் இருந்த அந்த இரண்டு வருஷம் கையாலேயே பூசணிக்குச் சேர்த்தேன். தோட்டக்கலைப் பயிற்சிக்கு வந்த ஒரு அம்மா காட்டிக்கொடுத்தது. காலை ஏழு மணிக்குள் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவணும். ஒரு ஆண் பூவால் இரண்டு மூன்று பெண் பூவுக்குத் தடவலாம். காய் பிடித்தது. ஆனால் ஒரு தேனீ சம்பளம் வாங்காமல் பார்த்த வேலையை நான் இடுப்பு வலிக்க வலிக்கப் பார்த்தேன்.

வீட்டுக்குள் பூ வைப்பதை நான் விடவில்லை. டிவி வந்த பிறகு உருளியில் தண்ணீர் விட்டுப் பூ மிதக்க விடுவது எல்லா வீட்டிலும் வந்துவிட்டது, எங்க வீட்டில் பித்தளைச் செம்புதான். விடியற்காலை பறிக்கணும், காம்பைச் சரிவாக நறுக்கணும், தண்ணீருக்குள் முங்குகிற இலையைக் கிள்ளிவிடணும், தினமும் தண்ணீர் மாற்றணும். சம்பங்கி அடியிலிருந்து நுனிக்கு ஒவ்வொன்றாக விரியும், வீடே மணக்கும். கேந்தி பல நாள் தாங்கும். செம்பருத்தி எப்படி வைத்தாலும் ஒரு நாள்தான். செடியில் பாதிக்கு மேல் பறிப்பதில்லை. பறித்ததையும் உள்ளே கொண்டுவருமுன் வாசலில் தலைகீழாகப் பிடித்து மெதுவாகத் தட்டுகிறேன், உள்ளே இருக்கிற எறும்போ வண்டோ கீழே இறங்கிப் போகட்டும் என்று.

கொசுத்தேனீ அந்த மண்சுவருக்குத் திரும்பி வரவில்லை. இதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் படிக்கிறவர்கள் வந்துவிட்டது என்று நினைப்பீர்கள். மூங்கில் துண்டில் இரண்டு வாய் மண்ணால் அடைபட்டிருக்கிறது, அது குளவியின் வேலை. கருவண்டு மறுபடியும் முருங்கைக்கு வருகிறது. கொசுத்தேனீ மதினி வீட்டு மின்சார மீட்டர்ப் பெட்டிக்குப் பின்னால், கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவில் குடி வந்திருக்கிறது. மீட்டர் பார்க்க வருகிறவர் கேட்டால் கொட்டாது என்று சொல்லுங்கள் என்று மதினியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அடைக்கிறேன் என்று அண்ணன் சிமெண்ட் குழைத்துவிட்டார். மதினி அந்தச் சட்டியைத் தூக்கித் தெருவில் கொட்டிவிட்டாங்க.

போன மார்கழியில் ஒரு நாள். என் மகள் கோலம் போட்டுவிட்டுக் கொடிக்குப் போனாள். வெறுங்கையோடு திரும்பி வந்தாள். பூ இருக்கா என்று கேட்டேன். "மூணு இருக்கும்மா. ஒண்ணுல பிஞ்சு இருக்கு. ஒண்ணு கொடிக்கு விடணும். இன்னொண்ணுல ஈ ஒண்ணு பனில நனைஞ்சு உள்ள படுத்திருக்கு, எந்திரிக்கல" என்றாள். பிறகு வேலிப் பக்கம் போய், முந்தின சாயங்காலம் விரிந்து இன்னும் வாடாமல் இருந்த ஒரு பீர்க்கம்பூவைப் பறித்துவந்து சாணியில் சொருகினாள். வெயில் ஏறினதும் நான் போய்ப் பார்த்தேன். அந்தப் பூசணிப்பூ காலியாக இருந்தது, இதழில் கொஞ்சம் மஞ்சள் பொடி சிந்திக் கிடந்தது.